மைனரின் ஹெட் நட்: கைக்கணக்கா, கொக்கித் தராசா, டோர்க் ரெஞ்சா?

"புத்தகத்தில் 40 இறாத்தல்-அடி என்று இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் ஸ்பனரை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு 'போதும் தம்பி' என்கிறார். யாரை நம்புவது? டோர்க் ரெஞ்ச் வாங்குவதென்றால் எந்த வகையை வாங்குவது?"

பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40ஓ வைத்திருக்கும் நம் பகுதி ஆட்கள், ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) கஸ்கட் (அதற்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) மாற்றும் வேளை வந்ததும் கேட்கும் கேள்வி இது. கல்முனையில் கேட்டாலும் களுவாஞ்சிக்குடியில் கேட்டாலும் பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்துதான் வருகிறது. ஒரு கட்சிக்கு, நட்டை இறுக்கும் முறுக்கை அளக்கும் டோர்க் ரெஞ்ச் என்பது பணக்காரர் விளையாட்டுச் சாமான். மறு கட்சிக்கு அது இல்லாமல் ஹெட்டைத் தொடுவதே பாவம்.

இரண்டு கட்சியிலும் நான் இல்லை. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவிக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் (புளொக்கில் நிற்கும், நட் ஏறும் புரிக்கம்பி) வொஷருக்கும் எடுத்து வையுங்கள். மிச்சத்தில் எது கிடைக்கிறதோ அது பெரும்பாலும் போதும். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

எந்த எஞ்சினைப் பற்றிப் பேசுகிறோம்

மைனரில் ஏ சீரிஸ் எஞ்சின் 1952இல் 803 சிசியாக வந்தது. 1956இல் 948 ஆகி, 1962இல் 1098 ஆனது. நம் பக்கம் ஓடுபவற்றில் பிந்திய இரண்டையும்தான் அதிகம் காண்கிறோம். அவற்றின் ஹெட்டைப் பிடித்திருப்பவை ஒன்பது ஸ்டட்டுகள். தயாரிப்பாளர் கைநூலில் உள்ள முறுக்கு அளவுகளில் நமக்குத் தேவையானவை இவை:

| பூட்டும் இடம் | இறாத்தல்-அடி | மீற்றர்-கிலோ | நியூட்டன் மீற்றர் |
|---|---|---|---|
| சிலிண்டர் ஹெட் நட் | 40 | 5.5 | 54 |
| மெயின் பெயாரிங் (கிராங்கைத் தாங்குவது) | 60 | 8.3 | 81 |
| பிக் எண்ட் (கனெக்டிங் ரொட்டின் கீழ்முனை) | 35 | 4.8 | 47 |
| ரொக்கர் தாங்கி நட் | 25 | 3.4 | 34 |
| மனிஃபோல்ட் நட் | 15 | 2.1 | 20 |
| ரொக்கர் கவர் | 4 | 0.55 | 5.4 |

மேலே 60, கீழே 4. ஒரே கருவி இரண்டையும் அளக்காது என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது. வேறு எஞ்சின் உள்ளவர்கள் இந்த எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தந்த எஞ்சினுக்கு அதனதன் கைநூல்தான்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, ஒன்பது நட்டும் ஒரே அளவாக இறுகுமா? இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஒன்பதும் 38இல் நின்றால் கஸ்கட் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஐந்து 45இலும் நான்கு 30இலும் நின்றால் ஹெட் வளைந்துகொடுக்கும், கஸ்கட் தளர்ந்த பக்கத்தால் ஊதும்.

இரண்டாவது, கருவியின் எல்லைக்குள் நம் வேலை விழுகிறதா? மூன்றாவது, அது சரியாகக் காட்டுகிறதா என்று இங்கேயே, கொழும்புக்கு அனுப்பாமல், நாமே பார்க்க முடியுமா? நான்காவது, கடைவிலைக்கு அப்பால் ஒளிந்திருக்கும் செலவு என்ன? ஐந்தாவது, அதை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப் போகிறீர்கள்? ஒரே ஒரு மைனர் வைத்திருப்பவருக்கும், மாதம் ஒரு ஹெட் இறக்கும் கராஜுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

முதலில் புரி, பிறகு கருவி

ஒப்பீட்டுக்குப் போகுமுன் இதைப் பேசியே ஆக வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருக்கும் நமக்கு இது மற்ற ஊர்க்காரரை விடக் கூடுதலாகப் பொருந்தும்.

ரெஞ்ச் அளப்பது முறுக்கை. கஸ்கட்டுக்கு வேண்டியது பிடி. இரண்டும் ஒன்றல்ல. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிமுகம் வொஷரில் உராய்வதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 வீதம் புரிக்குள் உராய்வில் போகிறது. ஸ்டட்டை இழுத்து ஹெட்டை அமுக்குவது எஞ்சிய பத்து வீதந்தான். இது சுத்தமான புரியின் கணக்கு. புரியில் கறள் பிடித்திருந்தால் உராய்வு இன்னும் கூடி, அந்தப் பத்திலும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ரெஞ்ச் 40 என்று காட்டும், ஹெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது 30க்கு உரிய பிடியாக இருக்கும்.

போல்ட், நட் பற்றிய பொறியியல் கைநூல்கள் வழக்கமாகத் தரும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. கைக்கணக்கில் இறுக்கினால் பிடி 35 வீதம் வரை கூடவோ குறையவோ செய்யும். டோர்க் ரெஞ்சில் 25 வீதம். நட் சுழலும் கோணம் அளந்து இறுக்கினால் 15 வீதம். டோர்க் ரெஞ்ச் கட்சியினர் இந்த 25ஐக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ரெஞ்சின் பிழை நான்கு வீதம்தான் என்றாலும், மற்றது முழுவதும் புரியிலும் வொஷரிலும் இருந்து வருவது. அதைக் குறைப்பது வயர் பிரஷ், கடையில் விற்கும் ரெஞ்ச் அல்ல.

ஆகவே நட் ஒன்றை எடுத்து விரலால் ஸ்டட்டில் ஏற்றிப் பாருங்கள். அடிவரை விரலாலேயே சுழன்று இறங்க வேண்டும். நடுவழியில் கரகரத்து நின்றால், அந்த இடத்தில் பழைய கறளோ நசுங்கிய புரியோ இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு வயர் பிரஷால் தேய்த்துவிட்டு, பழைய நட் ஒன்றின் உட்புரிக்குக் குறுக்கே ஹக்சோ பிளேடால் மூன்று வெட்டுப் போட்டு, அதை ஸ்டட்டில் ஏற்றி இறக்குங்கள். வெட்டுக்குள் செம்பழுப்புத் தூள் வந்து சேரும். துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். தூள் வராமல் நட் வழுக்கி இறங்கும்போது வேலை முடிந்தது. புரி வெட்டும் புது டையை வைத்து வெட்ட வேண்டாம். அது கறளோடு இரும்பையும் சேர்த்து எடுக்கும்.

பிறகு புரியில் ஒரு சொட்டு எஞ்சின் ஒயில், வொஷரின் மேல்முகத்தில் ஒரு சொட்டு. அவ்வளவே. செப்புக் கிறீஸ், கிராபைட் கிறீஸ் தடவினால் வழுக்கல் மிகையாகி, அதே 40க்குப் பிடி அளவுக்கு மேலே போய்விடும். ஸ்டட் குழிக்குள் தண்ணீரோ ஒயிலோ தேங்கியிருந்தால் முழுவதும் ஒற்றி எடுங்கள். அடைபட்ட திரவம் அமுங்காது, புளொக் வெடிக்கும்.

கடற்காற்றுக்குப் பயந்து சிலர் இரும்புக்கடைத் துருப்பிடிக்காத நட்டைப் போடுகிறார்கள். ஹெட்டுக்கு அது ஆகாது. அங்கே கிடைக்கும் சாதாரண வகைக்கு எஞ்சின் நட்டின் வலிமை இல்லை, புரி ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. மெல்லிய வொஷரும் அப்படித்தான், இறுக்க இறுக்கக் கிண்ணம் போல் குழியும். 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும், பிறகு போர்க் காலத்திலும் கிடைத்ததைப் பூட்டி ஓட்டிய வண்டிகள் இவை. உங்கள் ஒன்பது நட்டும் ஒரே உயரமா, ஒரே வகையா என்று மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் நீர் ஏறிய கல்லடி, மருதமுனைப் பக்கத்து முற்றங்களில் நின்ற எஞ்சின் என்றால், யோசிக்காமல் ஸ்டட் ஒன்பதையும் மாற்றுங்கள். புது ஸ்டட்டைப் புளொக்கில் கையால் இறக்கினால் போதும். அங்கே பலம் காட்ட ஒன்றுமில்லை.

வழி 1: கைக்கணக்கு

கைக்கணக்கைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் இரண்டிலும் வயல் வேலையைத் தாங்கி நிற்கும் டிராக்டர்கள் பல காலம் கைக்கணக்கிலேயே ஓவரோல் பண்ணப்பட்டு ஓடியவை. சித்திரமும் கைப்பழக்கம்தான். ஆனால் எந்தச் சித்திரத்தில் பழகிய கை என்று கேட்க வேண்டும். நாள் முழுவதும் மெஸி பெர்குசனின் பெரிய நட்டுகளை இறுக்கும் கைக்கு மைனரின் எட்டில் மூன்று அங்குல ஸ்டட் சின்னப் பொருள். அவர் "போதும்" என்று உணரும் இடம் நமக்கு மிகையாக இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் பழகிய கைக்கு இது நேர்மாறு.

40 இறாத்தல்-அடி எவ்வளவு என்று கைக்குச் சொல்லித் தரலாம். சுமார் 20 சென்ரிமீற்றர் நீள ஸ்பனரின் நுனியில் 27 கிலோ இழுப்பு அது. அரிசி மூட்டையில் பாதியைத் தூக்கும் பலத்தை ஒரு கையால் பக்கவாட்டில் கொடுப்பது. முதல் நட்டில் இருக்கும் பலம் ஒன்பதாவது நட்டில் இருக்காது. வெயிலில் குனிந்து நின்று, மட்கார்டுக்கு மேலால் எட்டி இழுக்கும் பின்வரிசை நட்டுக்கு இன்னும் குறையும். கைக்கணக்கின் உண்மையான குறை இதுதான்: எண் தவறுவதை விட, ஒன்பதும் ஒன்பது விதமாவது.

மறைந்த செலவு கஸ்கட்டும் தண்ணீர் கலந்த ஒயிலும். மிகையாக இறுக்கினால் ஸ்டட் இழுபட்டுக் கழுத்து மெலியும், அல்லது புளொக்கின் புரியோடு கிளம்பி வரும். அப்போது லேத் கடை, ஹெலிகோயில் (புரி போன துளைக்குள் இடும் கம்பிச்சுருள்), நாள்கணக்கில் காத்திருப்பு.

கைதான் மேல் என்ற இடங்களும் உண்டு. ரொக்கர் கவரின் 4 இறாத்தல்-அடியைப் பெரிய ரெஞ்சால் அளக்கவே முடியாது. குட்டை ஸ்பனரை இரண்டு விரலால் பிடித்து, கோர்க் கஸ்கட் பிதுங்கத் தொடங்குமுன் நிறுத்த வேண்டும். அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பின் போல்ட்டும் அப்படியே. ஸ்பார்க் பிளக் புதிதென்றால் விரலால் அடியில் முட்டும் வரை இறக்கி, பிறகு ஸ்பனரால் அரைச் சுற்று.

வழி 2: கொக்கித் தராசும் நீண்ட கம்பியும்

இந்த வழியைப் பலர் சிரித்து ஒதுக்குவார்கள். எனக்கோ இதில்தான் பிரியம் அதிகம்.

முறுக்கு என்பது நீளம் பெருக்கல் இழுப்பு. மீன்காரர் கையில் தூக்கிப் பிடிக்கும் கொக்கித் தராசு இழுப்பை அளக்கும். சொக்கட் மாட்டும் நீண்ட பிடிக்கம்பியில், சொக்கட்டின் நடுப்புள்ளியிலிருந்து 50 சென்ரிமீற்றர் அளந்து ஹக்சோவால் ஒரு மெல்லிய கீறல் போட்டுவிட்டால் நீளம் முடிந்தது. இனி 11 கிலோ இழுத்தால் 5.5 மீற்றர்-கிலோ, அதாவது 40 இறாத்தல்-அடி. 8 கிலோ என்றால் 29, 4 கிலோ என்றால் 14.5. ஹெட்டை மூன்று கட்டமாக இறுக்க வேண்டும் என்பதற்கு 4, 8, 11 என்ற இந்த மூன்று எண்ணும் அப்படியே பொருந்திவிடுகின்றன.

செய்முறையில் கவனிக்க வேண்டியது சில. கீறலில் கட்டிய நைலோன் கயிற்றின் தடத்தில் தராசை மாட்டி, கம்பிக்குச் சரியாகச் செங்குத்தாக, தரைக்குச் சமாந்தரமாக இழுக்க வேண்டும். இழுப்பு 30 பாகை சரிந்தால் ஏறத்தாழ 13 வீதம் முறுக்கு குறைந்துவிடும். கம்பி நகர நகர இழுப்பவரும் கூடவே நகர வேண்டும். இன்னொருவர் சொக்கட்டின் தலையில் உள்ளங்கையை வைத்துச் சாயாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளை வாசிக்க வேண்டும். "ஒன்பது... பத்து... பத்தரை... நில்." அந்த "நில்" நேரத்துக்கு வந்தால் போதும், ஒன்பது நட்டும் ஒரே அளவில் நிற்கும். முள் உள்ள வில் தராசு இதற்குத் தோதானது. மின்கலத்தில் ஓடும் சிறிய பயணப்பெட்டித் தராசுகளில் சில, எண் ஒருமுறை நிலைத்ததும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். கூடிவரும் இழுப்பைக் காட்டாது. தராசைப் படுக்க வைத்த நிலையில் முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவருவதையும் மறக்க வேண்டாம்.

மறைந்த செலவு ஆளும் நேரமும். தனியாளாகச் செய்ய முடியாது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து பிக் எண்ட் இறுக்கவும் இது உதவாது. ஆனால் தராசு சரியா என்று பார்ப்பது எத்தனை எளிது! பலசரக்குக் கடையில் ஐந்து கிலோ சீனி நிறுத்து வாங்கித் தொங்கவிட்டாலே தெரிந்துவிடும். சில ஆண்டுக்கு ஒருமுறை ஹெட் இறக்கும் ஒற்றை மைனர் வீட்டுக்கு இதற்கு மேல் செலவழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் முடிவு.

வழி 3: முள் காட்டும் டோர்க் ரெஞ்ச்

நீண்ட உருக்குத் தண்டு வளைய, அதோடு சேராமல் நிற்கும் மெல்லிய முள் தட்டில் எண்ணைக் காட்டும். உள்ளே வில்லும் இல்லை, பல்லும் இல்லை. தேய்ந்துபோக ஒன்றுமே இல்லாததால் பத்து ஆண்டு பெட்டிக்குள் கிடந்தாலும் அதே அளவைக் காட்டும். கீழே விழுந்து முள் கோணினால் கையால் வளைத்துச் சுழியத்தில் நிறுத்திவிடலாம். உப்புக்காற்றுக்கு ஒயில் துணியால் ஒரு துடைப்பு.

குறை வாசிப்பதில் இருக்கிறது. தட்டுக்கு நேர் மேலே கண் இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று இறாத்தல் பிசகும். மைனரின் பொனட்டுக்குக் கீழே எல்லா நட்டுக்கும் அப்படித் தலையைக் கொண்டுபோக முடியாது. கைபிடியின் நடுவில் ஊசலாடும் பகுதி உள்ள வகையில், அந்த ஊசல் இரு பக்கமும் முட்டாமல் மிதக்கும்படி இழுத்தால்தான் எண் சரி. இதைச் சொல்லிக் கொடுக்காமல் விற்றுவிடுகிறார்கள்.

இப்போது கடைகளில் அதிகம் தொங்குவது கிளிக் வகைதான். முள் வகை வேண்டுமென்றால் தேட வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பழைய உதிரிப்பாகம் தேடிப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி வைக்கலாம். சொந்தமாக ஒன்று வாங்கி நீண்டகாலம் வைத்திருக்க நினைப்பவருக்கு என் தேர்வு இது.

வழி 4: கிளிக் வகை டோர்க் ரெஞ்ச்

எண்ணைச் சுழற்றி வைத்து இழுக்க வேண்டும். அளவு வந்ததும் 'டிக்' என்று கைக்குள் விட்டுக்கொடுக்கும். எண்ணைப் பார்க்கத் தேவையில்லை என்பதால் எட்டாத நட்டுக்கும் இருட்டுக்கும் ஏற்றது. வேகமும் உண்டு. நல்ல தயாரிப்பாக இருந்து, ஒழுங்காக வைத்திருந்தால் நான்கு வீதப் பிழைக்குள் நிற்கும். நாளாந்தம் வேலை நடக்கும் கராஜ் இதைத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் ஒளிந்திருக்கும் செலவு இதில்தான் ஆக அதிகம். வேலை முடிந்ததும் எண்ணைத் தாழ்ந்த அளவுக்குச் சுழற்றி வைக்காவிட்டால் உள்வில் களைத்துவிடும். கீழே விழுந்தால் அது என்ன காட்டுகிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். இறுகிய நட்டைக் கழற்ற இதையே நீண்ட பிடிக்கம்பியாகப் பயன்படுத்துவதும் கேடு. இந்த வகைக் கருவிகளுக்கான சர்வதேச நியமம் 5000 தடவைக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கச் சொல்கிறது. நம் ஊரில் அந்த ஒழுங்கு எத்தனை பேரிடம் இருக்கிறது?

எல்லையும் கவனிக்க வேண்டியது. பொதுவாக உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இவற்றை நம்பக்கூடாது. 200 நியூட்டன் மீற்றர் வரை போகும் ரெஞ்ச் சக்கர நட்டுக்கு அருமை. மனிஃபோல்ட்டின் 20 நியூட்டன் மீற்றருக்கு அது ஊமை. 'டிக்' வரும் என்று காத்திருந்து ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. மைனருக்கு என்றால் உச்சம் 100 நியூட்டன் மீற்றரை ஒட்டியதாகப் பாருங்கள்.

இன்னொரு பொறி அலகு. தண்டில் நியூட்டன் மீற்றர் மட்டும் பொறித்திருக்க, புத்தகத்து 40ஐ அப்படியே வைத்தால் கிடைப்பது 29 இறாத்தல்-அடிக்குச் சற்று மேல். கால் பங்குக்கு மேல் குறைவு. வண்டி புறப்படும், ஓடும், சத்தமும் வராது. செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை கடந்து பதுளைப் பக்கம் ஏற்றம் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துச் சொல்லும்.

கிளிக் ரெஞ்ச் உள்ளவர்கள் அதை வழி 2இன் தராசால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, பிடி படுக்கையாகச் சுழலும்படி வைத்து, 54இல் எண்ணை நிறுத்தி, கைபிடியின் நடுவில் தராசை மாட்டி இழுங்கள். கைபிடியின் நடு 40 சென்ரிமீற்றரில் இருந்தால் 13.75 கிலோவுக்கு அருகே 'டிக்' வர வேண்டும். 12இல் வந்தாலோ 16இல் வந்தாலோ அந்த ரெஞ்சைச் சக்கர நட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வழி 5: கராஜில் கொடுப்பது

ஹெட் வளைந்திருக்கிறது, முகம் சீவ வேண்டும் என்றாலோ, ஸ்டட் புரி போய்விட்டது என்றாலோ இதுவே நல்ல வழி. எஞ்சினின் அடிப்பாகம் திறக்க வேண்டி வந்தாலும் அப்படியே. மெயின், பிக் எண்ட் போல்ட்டுகளைப் பழகாத கையால் தொடாமல் இருப்பது மேல். ஹெட் தவறினால் கஸ்கட் போகும், பிக் எண்ட் தவறினால் எஞ்சினே போகும்.

கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: டோர்க் ரெஞ்ச் இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? முகம் சுளித்தால் வேறு இடம். டயர் கடைக் காற்றுத் துப்பாக்கியால் ஹெட் நட்டை ஏற்றும் பழக்கம் உள்ள இடமென்றால், எத்தனை மலிவானாலும் வேண்டாம். அந்தத் துப்பாக்கி அதிரடியாக அடித்து ஏற்றுவதால் எந்த நட்டில் எவ்வளவு ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. இதன் மறைந்த செலவு, உங்கள் ஒன்பது நட்டையும் யாரும் விரலால் ஏற்றிப் பார்க்கப் போவதில்லை என்பது. புரி சுத்தம் செய்யும் வேலையை வீட்டில் முடித்துவிட்டு, இறுக்குவதற்கு மட்டும் மெக்கானிக்கை ரெஞ்சோடு வீட்டுக்கு அழைப்பது நடுவழி. பலருக்கு அதுவே சரிப்பட்டு வரும்.

கோணம் அளந்து இறுக்கும் முறை, எண்கள் மின்னும் டிஜிட்டல் ரெஞ்ச் இரண்டையும் பற்றிக் கேட்கிறார்கள். ஏ சீரிஸ் கைநூலில் கோண அளவு இல்லை, ஆகவே அந்தப் பேச்சே இல்லை. மைனருக்குள் ஜப்பான் எஞ்சின் ஏற்றியிருந்தால் அந்த எஞ்சினின் நூலைப் பாருங்கள். போல்ட்டை நீட்டி இறுக்கும் வகையென்றால் பழைய போல்ட்டை மறுபடி போடவே கூடாது. டிஜிட்டல் நல்லது, விலை கூட, மின்கலம் ஒழுகும்.

சுருக்கமாக ஒரு பட்டியல்

| வழி | ஒன்பதும் ஒரே அளவாகுமா | இங்கேயே சரிபார்க்கலாமா | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கைக்கணக்கு | சந்தேகம் | முடியாது | கஸ்கட், லேத் கடை | ரொக்கர் கவர், சம்ப், பிளக் |
| கொக்கித் தராசு | ஆகும் | மிக எளிது | இரண்டாவது ஆள், நேரம் | ஒரே வண்டி, எப்போதாவது |
| முள் ரெஞ்ச் | ஆகும், நேரே பார்த்தால் | எளிது | தேடி வாங்கும் அலைச்சல் | சொந்தமாக நீண்டகாலம் |
| கிளிக் ரெஞ்ச் | ஆகும், நல்லதென்றால் | தராசால் முடியும் | பராமரிப்பு, அலகுக் குழப்பம் | கராஜ், பல வண்டி |
| கராஜ் | ஆளைப் பொறுத்தது | கேட்டுத்தான் தெரியும் | புரி கவனிக்கப்படாமை | முகம் சீவல், அடிப்பாகம் |

எந்த வழியானாலும் சொக்கட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெட் நட்டின் தலை பதினாறில் ஒன்பது அங்குலம், அதாவது 14.3 மில்லிமீற்றர். நம் வீடுகளில் இருப்பது ஜப்பான் வண்டிக்கு வாங்கிய 14. அது ஏறாது. 15 ஏறும், ஆனால் ஆடும். 40 இறாத்தல்-அடியில் மூலைகளை உருட்டிவிடும். ரொக்கர் தாங்கி நட் அரை அங்குலம், 12.7, அதற்கு 13 போட்டு ஓட்டுகிறவர்கள் அதிகம், நட்டின் மூலைகளைப் பார்த்தாலே தெரியும். அறுமுனை உள்ள அங்குலச் சொக்கட் இரண்டை வாங்கிவிடுங்கள்.

இறுக்கும்போது

நடு நட்டில் தொடங்கி, இரு பக்கமும் மாறி மாறி, சுருள் போல வெளியே போக வேண்டும். ஹெட்டில் சோக்கால் 1 முதல் 9 வரை எழுதிக்கொண்டால் குழம்பாது. முதற் சுற்று 14.5, இரண்டாம் சுற்று 29, மூன்றாம் சுற்று 40. கழற்றுவது இதற்கு நேர்மாறான வரிசையில்.

கடைசிச் சுற்றில் நட் ஒரே சீராக நகர்ந்தபடி அளவை எட்ட வேண்டும். நடுவில் நின்று, மறுபடி தொடங்கினால், நின்ற நட்டைக் கிளப்பும் உராய்வையே ரெஞ்ச் 40 என்று காட்டிவிடும். அப்படி நின்றால் கால் சுற்றுத் தளர்த்தி மீண்டும் வாருங்கள். 'டிக்' வந்தபின் "எதற்கும் இன்னொரு தடவை" என்று இழுக்கும் கையைக் கட்டி வையுங்கள்.

எஞ்சினை முழுச் சூடு வரும்வரை ஓடவிட்டு, முற்றாகக் குளிர்ந்தபின், இரவு கழிந்து மறுநாள் காலை என்றால் நல்லது, ஒவ்வொரு நட்டாக அதே வரிசையில் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி 40க்குக் கொண்டுவர வேண்டும். கஸ்கட் அமுங்கியதால் வந்த தளர்வை இது எடுத்துவிடும். சுமார் 500 மைல் ஓடியபின் இன்னொரு தடவை. ஒருமுறை கொழும்பு போய்வரும் தூரத்தை விட அது சற்றுக் கூட, ஆனால் அந்த 500ஐ ஊருக்குள்ளேயே ஓடி முடியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஹெட் ஒரு மயிரிழை கீழே இறங்குவதால் டப்பெட் இடைவெளி (வால்வுக்கும் ரொக்கருக்கும் இடையிலுள்ளது) மாறியிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் எட்டு வால்வுக்கும் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர் வைத்துவிட்டு, ரொக்கர் கவரைக் குட்டை ஸ்பனரால் பூட்டுங்கள்.